சம்பளத்தைத் தின்னும் இரண்டு செலவுகள்: வாடகையும் வைத்தியமும்

எமது கடைகளில் மாதம் பிறந்து பத்துப் பதினைந்து நாட்கள் செல்வதற்குள் ஊழியர்களில் ஒருவராவது வந்து அட்வான்ஸ் கேட்பது வழமையாகிவிட்டது. சிலர் இதனை ஊழியரின் ஊதாரித்தனம் என்கின்றனர். வேறு சிலர் "எவ்வளவு கொடுத்தாலும் இவர்களுக்குப் போதாது" என்று சலித்துக் கொள்கின்றனர். ஆனால் அட்வான்ஸ் எதற்காகக் கேட்கப்படுகின்றது என்று கடந்த ஒரு வருடக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பெருநாள், கல்யாணம், பிள்ளைகளின் படிப்பு போன்றவை போக, மிகுதியில் பெரும்பகுதி இரண்டு காரணங்களுக்குள் அடங்கிவிடும். ஒன்று வீட்டு வாடகை. மற்றையது வைத்தியச் செலவு.

அரிசி, பருப்பு, தேங்காய் விலை ஏறினால் குடும்பம் சற்றுக் குறைத்துச் சாப்பிட்டுச் சமாளிக்கும். வாடகையையும் வைத்தியத்தையும் அவ்வாறு குறைக்க முடியாது. அத்தோடு இவை இரண்டும் ஒரே தடவையில் பெருந்தொகையாக வந்து நிற்பவை. மாதச் சம்பளக்காரனை விழுத்துவது இந்தப் பெருந்தொகைதான். அவன் விழும்போது அந்தப் பாரம் எமது கல்லாப்பெட்டியிலும் வந்து விழுகின்றது. இது பற்றியே இவ்வாரம் வர்த்தக சகோதரர்களுடன் சில விடயங்களைப் பகிர்ந்து கொள்ள விரும்புகின்றேன்.

ஒரு சம்பளக் கணக்கு

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக் கொள்வோம். புறக்கோட்டைப் புடவைக் கடையொன்றில் வேலை செய்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள். சம்பளம் 60,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 4,800 ரூபா கழிந்தால் கைக்கு வருவது 55,200 ரூபா. தெமட்டகொடைப் பக்கம் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டுக்கு 25,000 ரூபா வாடகை என்று வைத்துக் கொள்வோம். மின்சாரம், தண்ணீருக்கு ஒரு 4,000 ரூபா. மீதி 26,200 ரூபா. இதில்தான் நால்வர் சாப்பிட வேண்டும், பஸ்ஸில் போக வேண்டும், பாடசாலைச் செலவு பார்க்க வேண்டும், மருந்தும் வாங்க வேண்டும்.

இந்தக் கணக்கை அரசாங்கத்தின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் வெளியிடும் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு 2024, 2025ஆம் ஆண்டுகளில் ஆளொருவருக்கு 16,000 ரூபாவை ஒட்டியே இருந்தது. நால்வருக்கு 64,000 ரூபா. அதாவது நாம் "நல்ல சம்பளம்" என்று எண்ணும் 60,000 ரூபா, அந்தக் குடும்பத்தில் அவர் ஒருவர் மட்டுமே உழைப்பவராக இருந்தால், வறுமைக்கோட்டையும் எட்டவில்லை. சட்டப்படியான தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 2025 ஏப்ரலில்தான் 27,000 ரூபாவாக உயர்ந்தது. 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபா என 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததல்ல. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியை நாம் எல்லோரும் கண்ணால் கண்டோம். டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்குப் போனது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாவானது. ஓகஸ்டில் மின்கட்டணம் 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதத்தாலும் கூட்டப்பட்டது. பின்னர் பணவீக்கம் இறங்கியது உண்மை. பஸ் கட்டணமும் மின்கட்டணமும் சிறிது இறங்கின. ஆனால் பணவீக்கம் இறங்குவது என்றால் விலை ஏறும் வேகம் குறைவது மாத்திரமே. ஏறிய வாடகை இறங்கவில்லை. அந்த ஏற்றத்துக்கு ஈடாகச் சம்பளம் ஏறவுமில்லை.

வாடகையில் உள்ள பொறி

வாடகை வீட்டில் இருப்பவருக்கு மாத வாடகையை விடப் பெரிய தலையிடி அட்வான்ஸ்தான். கொழும்பில் ஆறு மாத, ஒரு வருட அட்வான்ஸ் கேட்பது சாதாரணமாகிவிட்டது. மேற்சொன்ன உதாரணத்தில் ஆறு மாதத்துக்கு 1,50,000 ரூபா. தரகருக்கு ஒரு மாத வாடகை 25,000 ரூபா. ஆக 1,75,000 ரூபா. இது அந்த ஊழியரின் கைக்கு வரும் மூன்று மாதச் சம்பளத்தை விட அதிகம். மனைவியின் நகை அடகுக்குப் போகிறது, சீட்டு முன்கூட்டியே எடுக்கப்படுகிறது, மிகுதிக்கு முதலாளியிடம் வருகிறார்.

இது ஒரு தடவையோடு முடிவதுமில்லை. பெரும்பாலான உடன்படிக்கைகள் ஒரு வருடம் அல்லது இரண்டு வருடத்துக்கே எழுதப்படுகின்றன. காலம் முடிந்ததும் வாடகையைக் கூட்டுவார்கள், அல்லது எழும்பச் சொல்வார்கள். வேறு வீடு பார்த்தால் மீண்டும் தரகர் கூலி, மீண்டும் சாமான் ஏற்றும் லொறிக் கூலி. பழைய வீட்டுக்காரர் திருப்பிக் கொடுக்கும் அட்வான்ஸும் வெள்ளை பூசிய செலவு, உடைந்த குழாய் என்று கழிபட்டே கைக்கு வரும்.

வீட்டுக்காரர்கள் ஏன் இப்படி நடந்து கொள்கிறார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளருக்குப் பலத்த பாதுகாப்பு அளித்தது. மறு வருடம் வந்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரையறுத்தது. பல வாடகைக் குடியிருப்பாளர்கள் அதன் மூலம் வீட்டுச் சொந்தக்காரர்களாயினர். ஏழைகளுக்கு அது நன்மை செய்தது. ஆனால் வீட்டை வாடகைக்கு விட்டால் திரும்பக் கிடைக்காது என்ற பயம் சொத்துக்காரர்களின் மனதில் பதிந்துவிட்டது. 1980இல் சட்டம் தளர்த்தப்பட்ட பின்னரும் அந்தப் பயம் போகவில்லை. குறுகிய கால உடன்படிக்கையும் பெரிய அட்வான்ஸும் அதன் விளைவுகளே. குத்தகைக்கு விட்ட கட்டடத்தை விரைவாக மீளப் பெறுவதற்கென 2023இல் தனிச்சட்டம் ஒன்றும் வந்தது. இப்போது சொத்துக்காரருக்குப் பாதுகாப்பு உண்டு. எமது ஊழியருக்கோ அட்வான்ஸ் சுமை அப்படியே இருக்கிறது.

கொழும்பை விட்டுத் தள்ளிப் போனால் வாடகை குறையும் என்பது சரிதான். மாபோலை, மல்வானை, களுத்துறை என்று பலர் போயிருக்கிறார்கள். வாடகையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போகிறது. அதைவிடப் பெரியது நேரம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு இரவு எட்டரைக்கு வீடு சேரும் ஒருவர், பிள்ளையின் காய்ச்சலுக்கு எந்த நேரத்தில் மருந்து எடுப்பார்? இங்குதான் வாடகைப் பிரச்சினையும் வைத்தியப் பிரச்சினையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கொள்கின்றன.

இலவச வைத்தியம் இருக்கும் நாட்டில் ஏன் இத்தனை செலவு?

இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். உலகில் எமது வருமான நிலையில் உள்ள நாடுகள் இதனை வியந்து பார்க்கின்றன. மஹரகமவில் புற்றுநோய்க்கும், கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருதய சத்திர சிகிச்சைக்கும் பணம் கேட்பதில்லை. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எமது குடும்பங்களில் எத்தனையோ பேர் வீட்டை விற்றிருப்பார்கள். ஆயினும் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதியை நெருங்கிய பங்கு மக்களின் சட்டைப் பையில் இருந்தே செல்கின்றது என்பதும் உண்மை. ஏன்?

முதலாவது காரணம் நேரம். வெளிநோயாளர் பிரிவும் கிளினிக்கும் நடப்பது எமது கடை திறந்திருக்கும் நேரத்தில். விடியற்காலையில் நம்பர் எடுத்து, டொக்டரைக் கண்டு, மருந்து வரிசையில் நின்று திரும்பும்போது அரை நாளுக்கு மேல் போய்விடும். லீவு கேட்கப் பயந்து ஊழியர் மாலையில் தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணுகிறார். டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபா. இரத்தப் பரிசோதனைக்கு வேறு. பாமசியில் வேறு. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தால் பத்தாயிரம் ரூபா பறந்துவிடும்.

இரண்டாவது காரணம் மருந்தும் பரிசோதனையும். அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே சில மருந்துகளுக்குத் துண்டு எழுதி "வெளியில் வாங்குங்கள்" என்கிறார்கள். ஸ்கேன் எடுப்பதற்குத் தவணை தள்ளிப் போகும்போது வெளியில் எடுக்க வேண்டியிருக்கிறது. 2022இல் டொலர் தட்டுப்பாட்டால் மருந்துகள் இல்லாமற் போனதையும், அவ்வாண்டு மார்ச்சில் 29 சதவீதமும் ஏப்ரலில் பல மருந்துகளுக்கு 40 சதவீதமும் உச்ச விலை கூட்டப்பட்டதையும் மறந்திருக்கமாட்டீர்கள்.

மூன்றாவது காரணம் நீடித்த நோய். எமது நாட்டில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சீனி வருத்தம் இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. நகரங்களில் இன்னும் கூடுதல். பிரஷர், கொலஸ்ட்ரோல் தனி. நாள் முழுவதும் கவுண்டருக்குப் பின்னால் நின்று, பிளேன்டீயும் ரோல்ஸும் சாப்பிட்டு வாழும் எமது தொழிலில் இது அதிகம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இந்த நோய்கள் மாதந்தோறும் இன்னொரு வாடகை போலப் பணம் கேட்பவை. மருந்தை விட்டால் சில வருடங்களில் சிறுநீரகம், இருதயம், கால் என்று பெரிய பில்லாக வந்து நிற்கும்.

காப்புறுதி: இருப்பவரும் இல்லாதவரும்

அரசாங்க ஊழியருக்கு "அக்ரஹார" என்ற வைத்தியக் காப்புறுதி உண்டு. சம்பளத்தில் இருந்து ஒரு சிறு தொகை கழிபடும். அவரும் குடும்பத்தினரும் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டால் தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் செலவில் ஒரு பங்கைக் கொடுக்கும். வங்கிகள், பெரிய கம்பனிகளும் தமது ஊழியர்களுக்குக் குழு வைத்தியக் காப்புறுதி எடுத்துக் கொடுக்கின்றன. ஐந்து பேர், பத்துப் பேர் வேலை செய்யும் கடைகளில் இருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. அவருடைய காப்புறுதி முதலாளியின் மனது மட்டுமே.

அதற்காகக் காப்புறுதி ஒன்றே எல்லாவற்றுக்கும் தீர்வு என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவைப் பாருங்கள். அங்கு பெரும்பாலான உழைப்பாளிகளுக்கு வைத்தியக் காப்புறுதி தொழில் தருநர் மூலமாகவே கிடைக்கின்றது. ஒரு குடும்பத்துக்கான சராசரி ஆண்டுக் கட்டுப்பணம் 2024இல் 25,000 டொலரைத் தாண்டியது. அதில் சுமார் 6,300 டொலர் ஊழியரின் சம்பளத்தில் இருந்தே கழிக்கப்படுகின்றது. மிகுதியைக் கட்டும் கம்பனி அந்தளவுக்குச் சம்பள உயர்வைக் குறைத்துக் கொள்கிறது. வேலை போனால் காப்புறுதியும் போய்விடுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியை ஓரங்கட்டிவிட்டுக் காப்புறுதியை மட்டும் நம்பினால் எங்கு போய் நிற்போம் என்பதற்கு இது ஓர் உதாரணம். எமக்கு இலவச ஆஸ்பத்திரி அடித்தளமாக இருக்கிறது. அதில் உள்ள ஓட்டைகளை அடைக்கவே எமக்குக் காப்புறுதி தேவை.

குழுக் காப்புறுதி எடுக்க விரும்புவோர் கையெழுத்துக்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் கொடுப்பார்களா, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? ஆஸ்பத்திரியில் தங்கினால் மட்டுமா, வெளியில் எடுக்கும் மருந்துக்கும் உண்டா? அறை வாடகைக்கும் ஒவ்வொரு சத்திர சிகிச்சைக்கும் உச்சவரம்பு என்ன? அரசாங்க ஆஸ்பத்திரியில் தங்கினால் நாளொன்றுக்கு ஏதும் தருவார்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. எமது ஊழியர்கள் பெரிய நோய்க்குப் போவது அரசாங்க ஆஸ்பத்திரிக்கே. அங்கு படுத்திருக்கும் நாட்களில் வீட்டுக்கு ஒரு தொகை கிடைப்பது பெரும் உதவி.

எட்டுப் பேர் உள்ள கடைக்குக் கம்பனிகள் நல்ல விலை சொல்லமாட்டா. ஆட்கள் கூடும்போதுதான் ஆளுக்கான கட்டுப்பணம் குறையும். கெய்சர் வீதியிலோ இரண்டாம் குறுக்குத் தெருவிலோ ஐந்தாறு கடைக்காரர்கள் சேர்ந்தால் நாற்பது, ஐம்பது பேர் தேறுவார்கள். வர்த்தக சங்கம் ஒன்றின் பெயரில் கேட்டால் பேரம் பேசவும் முடியும். வட்டி கலந்த காப்புறுதி வேண்டாம் என்பவர்களுக்கு 1999 முதல் எமது நாட்டில் தகாபுல் முறையும் இருக்கின்றது. அங்கத்தவர்களின் பங்களிப்பு ஒரு பொது நிதியில் சேர்ந்து, அதில் இருந்தே நட்டம் அடைந்தவருக்குக் கொடுக்கப்படும் முறை அது. மேலே சொன்ன கேள்விகளை அங்கும் கேட்கத்தான் வேண்டும். பெயரைப் பார்த்து மட்டும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

கையில் இருக்கும் உரிமைகள்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், ஏற்கெனவே சட்டம் தந்திருப்பதை எமது ஊழியர் அனுபவிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 சதவீதம். இதை எல்லோரும் அறிவோம். ஆனால் இவை வயது போன காலத்துக்கு மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள்.

2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி, பத்து வருடங்கள் பங்களிப்புச் செய்து கணக்கில் குறைந்தது 3,00,000 ரூபா உள்ள அங்கத்தவர், வேலையில் இருக்கும்போதே தனது நிலுவையில் 30 சதவீதத்தை வீட்டுக்காக அல்லது வைத்தியத்துக்காக எடுக்கலாம். உச்சத் தொகை 20 இலட்சம் ரூபா. தொழில் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இது கடனல்ல, அவருடைய சொந்தப் பணம். சேமலாப நிதியைப் பிணை வைத்து வங்கியில் வீட்டுக் கடன் பெறும் வசதி அதற்கு முன்பிருந்தே உண்டு. அதற்கு வட்டி உண்டு, கட்டத் தவறினால் நிதியில் இருந்து கழிபடும். வட்டியைத் தவிர்க்க விரும்பும் ஊழியர்களுக்கு 30 சதவீத முறையே பொருத்தம்.

இங்கு ஒரு கசப்பான விடயத்தையும் பேச வேண்டியுள்ளது. கொடுப்பது 60,000 ரூபா, சேமலாப நிதிக்குக் காட்டுவது 30,000 ரூபா என்பது எமது வர்த்தகத்தில் பரவலாக உள்ள பழக்கம். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 60,000 ரூபாவுக்கு மாதம் 20 சதவீதம் 12,000 ரூபா. பத்து வருடத்தில், அதன் மீதான இலாபத்தைச் சேர்க்காமலே 14,40,000 ரூபா. அதில் 30 சதவீதம் 4,32,000 ரூபா. பாதிச் சம்பளத்தைக் காட்டினால் கையில் கிடைப்பது 2,16,000 ரூபா மட்டும். முதலாவது தொகையில் ஊரில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போடலாம், கூரை மாற்றலாம். இரண்டாவது தொகை கொழும்பில் ஒரு தடவை வீடு மாறவே சரி.

முழுச் சம்பளத்துக்கும் கட்டினால் முதலாளிக்கு மேலதிகமாக ஆளுக்கு மாதம் 4,500 ரூபா செலவாகும். எட்டுப் பேருக்கு 36,000 ரூபா. சிறு வியாபாரிக்கு அது இலேசான தொகையல்ல என்பதை அறிவேன். ஆனால் சட்டம் தெளிவானது. அடிப்படைச் சம்பளம் மட்டுமல்ல, வாழ்க்கைச் செலவுப் படி, கொமிஷன், நாம் கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதி கூட இதில் கணக்கெடுக்கப்பட வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு மட்டும் சேராது. பிந்தினால் 5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்துக்கு மேற்பட்டால் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. மனஸ்தாபத்தோடு விலகும் ஒரே ஓர் ஊழியர் தொழில் திணைக்களத்துக்குப் போனால், பல வருடங்களாக "மிச்சம் பிடித்த" பணம் தண்டத்தோடு வெளியே போகும்.

ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் இருந்தும் வேலையில் உள்ள அங்கத்தவருக்கு உதவிகள் உண்டு. இருதய சத்திர சிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, கண்ணுக்கு வில்லை வைப்பது, நிரந்தர அங்கவீனம், மரணம் ஆகியவற்றுக்குக் கொடுப்பனவு இருக்கிறது. பங்களிப்பு ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால்தான் கிடைக்கும். எமது கவனயீனத்தால் ஒரு மாதம் விடுபட்டாலும் கஷ்டப்படுவது படுக்கையில் இருப்பவரின் குடும்பம். ஜனாதிபதி நிதியமும் பாரிய சத்திர சிகிச்சைகளுக்கு உதவுகிறது. 2025 முதல் அதற்கு பிரதேச செயலகம் மூலமே விண்ணப்பிக்கலாம். ஊரில் உள்ளவர்கள் இதற்காகக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை.

கடை மட்டத்தில் செய்யக் கூடியவை

முதலாவது, செலவில்லாத ஒன்று. மாதத்தில் ஒரு அரை நாள், சம்பளம் வெட்டாமல் கிளினிக் லீவு கொடுங்கள். சீனி, பிரஷர் உள்ளவர் அரசாங்கக் கிளினிக்கில் இலவச மருந்து எடுக்க இது போதும். அந்த அரை நாள் அவருக்கு மாதம் சில ஆயிரம் ரூபா சம்பள உயர்வு கொடுத்ததற்குச் சமன். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களை அரசாங்கம் நடத்தும் இலவசப் பரிசோதனை நிலையங்களுக்கு வருடம் ஒரு தடவை அனுப்புங்கள். வெளியில் வாங்க வேண்டிய மருந்தை அரச ஒசுசலவில் விசாரிக்கச் சொல்லுங்கள். மருந்தின் வர்த்தகப் பெயரைக் கேட்காமல் இரசாயனப் பெயரைக் கேட்டு வாங்கினால் பல சமயம் பாதி விலைக்குக் கிடைக்கும். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை உருவாக்கப் பாடுபட்டது இதற்காகத்தான்.

இரண்டாவது, கடைக்கென ஒரு சிறு நிதி. ஊழியர் மாதம் 500 ரூபா, முதலாளி ஆளுக்கு 1,000 ரூபா போட்டால், எட்டுப் பேர் உள்ள கடையில் மாதம் 12,000 ரூபா, வருடத்துக்கு 1,44,000 ரூபா சேரும். இதில் இருந்து வீட்டு அட்வான்ஸுக்கும் வைத்தியத்துக்கும் மட்டும் வட்டியில்லாக் கடன் கொடுத்து, பத்து அல்லது பன்னிரண்டு மாதங்களில் சம்பளத்தில் கழித்துக் கொள்ளலாம். எழுத்துமூலச் சம்மதம் பெற வேண்டும். தனிக் கொப்பி, தனி வங்கிக் கணக்கு வைக்க வேண்டும். ஊழியர்களில் ஒருவரும் கணக்குப் பார்க்க வேண்டும். முதலாளியின் வியாபாரப் பணத்தோடு கலந்தால் ஆறு மாதத்தில் நிதியும் போகும், நம்பிக்கையும் போகும். இப்போது நாம் எழுத்தில்லாமல் கொடுக்கும் அட்வான்ஸ்களை ஒழுங்குபடுத்துவதே இது. ஆனால் இப்போது கேட்கத் தைரியம் உள்ளவருக்குக் கிடைக்கிறது, வெட்கப்படுபவருக்குக் கிடைப்பதில்லை. நிதி ஒன்று இருந்தால் அது தயவாக இராது, முறையாக இருக்கும்.

மூன்றாவது, வீடு. எம்மில் பலருக்குக் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் சொத்துகள் உள்ளன. ஒரு வீட்டையாவது நீண்டகாலம் வேலை செய்யும் ஊழியருக்கு மூன்று வருட உடன்படிக்கையில், ஒரு மாத அட்வான்ஸில் கொடுத்துப் பாருங்கள். வாடகை சந்தை விலையிலேயே இருக்கட்டும். அவர் உங்கள் கடையில் இருக்கிறார், வாடகை சம்பளத்தோடு வந்து சேரும், தரகர் தேவையில்லை. முன்பின் தெரியாதவருக்குக் கொடுப்பதை விட இது பாதுகாப்பானது. வேலையை விட்டால் வீடு என்னவாகும் என்பதை மட்டும் உடன்படிக்கையில் முன்கூட்டியே எழுதுங்கள். விலகிய பின் மூன்று மாத அவகாசமாவது கொடுப்பது நியாயம். வெளியூரில் இருந்து வந்து கடை மாடியில் தங்கும் இளைஞர்களுக்கு நல்ல காற்றோட்டமும் சுத்தமான மலசலகூடமும் இருக்கின்றனவா என்றும் ஒரு தடவை மேலே ஏறிப் பாருங்கள். டெங்குக் காய்ச்சல் பலநேரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

யாருக்கு இலாபம்?

"இவ்வளவும் செய்துவிட்டு நான் எப்படி வியாபாரம் செய்வது?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மறுபக்கக் கணக்கையும் பார்ப்போம். 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். அதற்குப் பின்னும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. அவர்களில் எமது கடைகளில் துணி அளந்தவர்களும், ஹாட்வெயாரில் சாமானின் நம்பரை மனப்பாடமாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். புதியவர் ஒருவர் வாடிக்கையாளரின் முகம், கடன் கொப்பி, சரக்கின் விலை எல்லாவற்றையும் பழக ஒரு வருடமாவது செல்லும். அதுவரை கைநழுவும் வியாபாரத்துக்கு நாம் பில் போடுவதில்லை, அதனால் அது எமக்குத் தெரிவதில்லை.

வாடகைக்கும் மருந்துக்கும் பயப்படும் மனிதன் கவுண்டரில் நின்றாலும் மனது அங்கு இருக்காது. கடன்காரன் தொலைபேசியில் அழைத்துக் கொண்டே இருக்கும்போது வாடிக்கையாளரிடம் எப்படிச் சிரிப்பார்? கல்லாவில் கை வைக்கும் சம்பவங்கள் பற்றியும் கேள்விப்படுகிறோம். அதனை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் நேர்மையானவரையும் அந்த விளிம்பு வரை தள்ளிவிடும் நெருக்கடிகள் உண்டு என்பதையும் வியாபாரி அறிந்திருக்க வேண்டும்.

வாடகைச் சந்தையை ஒழுங்குபடுத்துவதும், ஆஸ்பத்திரிகளில் மருந்து இருக்கச் செய்வதும், மாலை நேரக் கிளினிக்குகள் திறப்பதும், தனியார் துறைச் சிறு ஊழியருக்கு அக்ரஹார போன்ற ஒன்றை ஏற்படுத்துவதும் அரசாங்கத்தின் கடமைகள். வர்த்தக சங்கங்கள் வரிச்சலுகைக்காக மகஜர் கொடுக்கும்போது இவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஊழியரின் சுமை குறைந்தால் சம்பள உயர்வுக் கோரிக்கையின் வேகமும் குறையும் என்பது முதலாளிகளுக்கும் நன்மையே.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உள்ளன. இந்த மாதம் சம்பளம் கொடுக்கும் நாளில் மூன்று விடயங்களைச் செய்யுங்கள். ஒவ்வொரு ஊழியரின் சேமலாப நிதிக் கணக்கும் எந்தச் சம்பளத்துக்குக் கட்டப்படுகிறது என்று உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். ஊழியர்களில் யார் யாருக்குக் கிளினிக் இருக்கிறது என்று கேட்டு லீவு நாளைக் குறித்து வையுங்கள். பக்கத்துக் கடைக்காரரோடு ஒரு பிளேன்டீ குடித்து, குழுக் காப்புறுதிக்கு அவர் சேர்வாரா என்று பேசிப் பாருங்கள். இவற்றில் முதலாவதுக்குத்தான் பணம் தேவை. மற்ற இரண்டுக்கும் அரை மணி நேரம் போதும்.